ஒன்றேகால் கிலோ மணி

குதைபியாவில் ஏழாம் நம்பர் ஃபிளாட்டில்
பதினோரு மாதமாக
எனக்குக் கொஞ்சம் தெரியும்.

கொஞ்சம் என்றால்
இடது கண்ணின் ஓரத்தில்
ஒரு சாவித் துவாரம்.
அதன் வழியே
தயிர் டப்பாவில் பாதி எழுத்து,
லிஃப்டில் எவளோ ஒருத்தியின் வளையல்,
இருதயராஜின் சட்டைப் பொத்தான்.
முகம் வேண்டுமென்றால் கழுத்தைக் கோண வேண்டும்.
பார்வையற்றவர் என்று சொல்ல முடியாது
என்றார் டாக்டர், நல்ல செய்தி போல.
பார்வை உள்ளவள் என்றும் சொல்ல முடியாது
என்றது அடுப்பு, என் விரலிடம்.

வீட்டை விட்டு இறங்கினால்
இவர் வாய் ஓயாது.
"படி. இன்னொரு படி. கேபிள் கிடக்கு. பூனை."
அலுமினிய ஆலையில் எட்டு மணி நேரம்
யாரோடும் பேச முடியாத இரைச்சல்.
மிச்சம் பிடித்த பேச்செல்லாம்
என் காலடியில் கொட்டும்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து
தெரு மறுபடி ஹாரன் அடிக்கத் தொடங்கிய நேரம்.
ஈசா டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து ஹால்.
"சும்மா பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.
பாத்துட்டு.
நானும் திருத்தவில்லை.

ரப்பர் வாடை. ஏசி. எங்கோ ஏலக்காய்.
ஹெஸ்ஸா என் கையைப் பிடித்துத் தரையில் வைத்தாள்.
ஒட்டிய நாடாவுக்கு அடியில்
நூல் ஒன்று ஓடுகிறது.
இதுதான் கோடு, இதற்குள்தான் நீ
என்று பாதி அரபியில், பாதி இங்கிலீஷில்.
புரியாததை விரல் படித்துக்கொண்டது.
முழங்கால் உறை மாட்டிவிட்டவள் தில்மாயா.
ரிஃபாவில் வீட்டு வேலை;
வாரத்தில் நாலு மணி நேரம் அவளுடையது,
அதை இங்கே கொண்டுவந்து செலவழிக்கிறாள்.

பிறகு கறுப்புக் கண்மூடி. எல்லோருக்கும்.
பிறந்ததிலிருந்தே இருட்டான ஹெஸ்ஸாவுக்கும்,
ஜன்னல் இருக்கும் திசை மட்டும் தெரிகிற ஷோசாம்மாவுக்கும்,
சாவித் துவாரக்காரி எனக்கும்.
தொட்டால் பெனால்டி.

என் கொஞ்சத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அழுகை வரும் என்று நினைத்தேன்.
கழுத்துதான் இறங்கியது.
இத்தனை வருடம் கோணிக் கோணி
எதையோ பிடித்துக்கொண்டிருந்த கழுத்து
தோள் மேல் வந்து
சும்மா உட்கார்ந்தது.

"ஹுதூ!" என்றார் நடுவர். அமைதி.
கேலரியில் இருந்த புருஷன், பிள்ளை, டிரைவர்
அத்தனை பேருக்கும்.
"வலப்பக்கமா வரு—" என்று ஆரம்பித்தார் இவர்.
விசில்.
இன்னொரு தடவை பேசினால் வெளியே.
கல்யாணமாகி முதல் முறையாக
இவர் பேசாமல் இருப்பதைக் கேட்டேன்.
மூக்கு லேசாக விசிலடிக்கிறது.

அப்புறம் அது வந்தது.
ஒன்றேகால் கிலோ ரப்பர், வயிற்றுக்குள் மணிகள்.
சில்லறை நிறைந்த உண்டியலை
யாரோ கோபமாக உருட்டிவிட்டது போல.
இடமா வலமா
பொம்பளை ஒருத்தி பொது இடத்தில்
இப்படி விழலாமா
என்பதற்குள் முழு நீளத்துக்கும் கிடந்தேன்.
இடுப்பில் இடித்து நின்றது.

தடுத்துவிட்டேனாம்.
ஆட்டம் ஓடும்போது கைதட்டக் கூடாது.
ஷோசாம்மா மட்டும்
தரையில் ரெண்டு தட்டு தட்டினாள்
எனக்குக் கேட்கிற மாதிரி.

வாங்கியது பதினாலு கோல். போட்டது ஒன்று,
அதுவும் ஹெஸ்ஸா.
கரக் சாயாவோடு சமோசா வந்தது.
தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
ஷோசாம்மாவின் மருமகள் மீன்குழம்பில் புளி போடுவதைப் பற்றி
அரை மணி நேரம்.

அடுத்த வாரம்வரை பந்து உன் வீட்டில்
என்று என் மடியில் வைத்துவிட்டார்கள்.

திரும்பும்போதும் இவர் பேசவில்லை.
டிக்கியில் மணி.
ரவுண்டபௌட் சுற்றச் சுற்ற
வலது ஓரத்திலேயே ஒட்டிக் கிணுகிணுத்தது.
இந்நேரம் அது இடப்பக்கம் ஓடியிருக்க வேண்டும்.
"நம்ம திருப்பத்தை விட்டுட்டீங்க."
இவர் மறுபடி ஒரு சுற்று சுற்றினார்.

இடுப்பில் வீக்கம் சூடாக இருந்தது.
வீட்டுக்குப் போனதும்
அது என்ன நிறம் என்று
இவரிடம்தான் கேட்க வேண்டும்.
பாவம், எவ்வளவு நேரமாகப்
பேசாமல் வருகிறார்.